மானாவாரி நெல்லித் தோப்பில், மரங்களுக்கு நடுவே மாட்டுத் தீவனம் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம் அண்ணாச்சி. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கோ 4 கம்பு நேப்பியர் மட்டும் வேண்டாம், அது தண்ணீர் பாய்ச்ச வழி உள்ளவர்களுக்கான புல். திருநெல்வேலி மானூர் பக்கம் எங்கள் செவக்காட்டில், மாசியிலேயே கிணறு தரை தட்டிவிடும் இடத்தில், நெல்லிக்கு நடுவே அந்தப் புல்லின் தண்டுக் கரணையை ஊன்றிவிட்டு, சித்திரைக்குள் அத்தனையும் விறகாகக் காய்ந்ததைப் பார்த்தவன் நான்.

இப்போது இருப்பது கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால். மசால் பயறு வகை என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், புல்லுக்கும் அது நல்லது. மாடு முதலில் மசாலை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டது, புல்லோடு கலந்து நறுக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

விதைப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொழுக்கட்டைப் புல்லில் புதிதாக எடுத்த விதை முளைக்காது, ஆறு மாதமாவது பழசாக வேண்டும். மசால் விதைக்கோ தோல் கடினம். முதல் வருசம் அப்படியே தூவினேன், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. அடுத்த வருசம், கொதித்த தண்ணீரை இறக்கி ஆவி கொஞ்சம் அடங்கியதும், அதாவது 80 டிகிரி சூட்டில், நான்கு நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தேன், வரிசை பிடித்து முளைத்தது. விதையை ஆழப் புதைக்காதீர்கள், மேலாக மண் மூடினால் போதும். நேரம் புரட்டாசிக் கடைசி. ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் என்று கேட்டுவிட்டு விதைப் பெட்டியைத் தூக்காதீர்கள், நம் பக்கம் அப்போது காற்று மட்டும்தான் வரும்.

மரத்துக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். கன்றாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வருசம் தண்ணீருக்கு இரண்டும் போட்டி போடும், அதனால் தூரைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குப் புல்லே வரவிடாமல் கொத்திவிடுவேன். 20 அடிக்கு 20 அடி நட்டால் ஏக்கருக்கு நூற்றுச் சொச்சம் மரம்தான், நடுவில் வேண்டிய மட்டும் வெயில் விழும். கிளைகள் கூடி நிழல் கட்டிய பிறகு கொழுக்கட்டைப் புல் மெலிந்துவிடும், நிழல் தாங்குவது கினியாப் புல்தான், ஆனால் அதற்கும் ஈரம் வேண்டும். புளியந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் நம்பி இறங்க வேண்டாம், எங்கள் புளியடியில் ஒரு புல்லும் நின்றதில்லை.

ஊடே தீவனச் சோளம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மழை இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் ஏறும், பூக்கும் முன்னே மாட்டை அதில் விடவே கூடாது.

எழுபது எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு. எனக்கு இரண்டு மாடு, தையும் மாசியும் பச்சைக்குக் கவலை இல்லை. சித்திரை வைகாசிக்கு இன்னமும் சோளத்தட்டை விலைக்கு வாங்கித்தான் படப்பு போடுகிறேன், அதை மறைக்கவில்லை.

அப்புறம், அறுத்துக்கொண்டு வந்து போடுங்கள், ஆட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஒரே ஒரு மத்தியானம் கன்னி இனத்து ஆடு நான்கு நுழைந்தது, காலடியில் அவ்வளவு புல் கிடக்க, பின்னங்காலில் எம்பி நின்று நெல்லிக் கொழுந்தைத்தான் மொட்டையடித்தது.