லண்டனில் மண்டபம் மறுக்கப்பட்டால்

உங்கள் திருமண வரவேற்புக்குப் பேசி முடித்த மண்டபத்தை, இணையர் இருவரும் பெண்கள் என்று தெரிந்ததும் 'எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது' என்று போனில் ரத்து செய்துவிட்டார்கள் என்கிறீர்கள். மண்டபம் வணிக நிறுவனத்துடையது என்றால் அது சட்டவிரோதம்; சேவை தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், 29ஆம் பிரிவு. தேவாலயம் போன்ற மத அமைப்பின் மண்டபம் என்றால் விலக்கு இருக்கலாம். அதனால் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த பேக்கரி வென்ற ஆஷர்ஸ் தீர்ப்பை (2018) அவர்கள் நீட்டுவார்கள். அது பொருந்தாது. அங்கே மறுக்கப்பட்டது கேக்கில் எழுதக் கேட்ட வாசகம். இங்கே மறுக்கப்பட்டது நீங்கள். உங்களுக்கு நெருக்கமானது பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு: கார்ன்வாலில் ஆண் இணையருக்கு அறை மறுத்த விடுதிக்காரர்கள் தோற்றார்கள், இழப்பீடு ஆளுக்கு 1,800 பவுண்டு.

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'இன்ன தேதியில் போனில் இந்தக் காரணம் சொன்னீர்கள், எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.' பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் சான்றுதான். முன்பணத்தைத் திருப்பி வாங்கும்போது 'முழுத் தீர்வு' (இனி எந்தக் கோரிக்கையும் இல்லை) என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

கவுண்டி நீதிமன்றத்தில் (உள்ளூர் சிவில் நீதிமன்றம்) வழக்குப் போட ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். அது மறுத்த நாளிலிருந்து ஓடுகிறது. புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்துதான் பலர் தவறவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் காத்திருக்காதீர்கள்.