ஒட்டிக்கொண்ட ‘ங்க’ (கடிதம்)

வணக்கம் சார்,

எனக்குத் தென்காசிப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. முதல் வாரத்தில், செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவிடம் ஊர் நினைப்பில், “அக்கா, நீ அந்தத் துணிக்கட்டை எடு” என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் அவர் என்னிடம் பேசவே இல்லை. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுகிறேன். அம்மாவிடம் போனில் பேசும்போதும் அது வந்துவிட்டது. “என்னல, கோயம்புத்தூர்க்காரன் ஆயிட்டியா?” என்று சிரிக்கிறாள். வேலைக்காக நடிக்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

நடிப்பெல்லாம் இல்லை. உங்கள் வீட்டில் அம்மாவையும் அக்காவையும் ‘நீ’ என்பதுதான் பாசம். கொங்குப் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையே “வாங்க கண்ணு, சாப்பிடுங்க” என்பார்கள். அந்த அக்கா காதில் உங்கள் ‘நீ’ எப்படி விழுந்திருக்கும்!

1960களின் தொடக்கத்தில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர், அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்தார். அங்கேயே இருந்துவிட நினைத்தவர்களிடம் தீவின் உச்சரிப்பு தூக்கலாக இருந்தது, கிளம்பிவிட நினைத்தவர்களிடம் குறைவு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. உங்களுக்கும் ஊர் கொஞ்சம் பிடித்துப்போயிருக்கிறது போல, அவ்வளவுதான்.

‘ங்க’ சுலபம். நானும் அந்த ஊரில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தவன், நான் திணறியது வேறு இடத்தில். சேர்ந்த அன்றைக்கே “இன்னிக்கு ஒன்றரைங்க” என்றார்கள், தலையாட்டிவிட்டேன், காலை 8.30க்கு வந்தவன் ராத்திரி 8.30 வரை நிற்பதுதான் ஒன்றரை ஷிப்ட் என்பது சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான் தெரிந்தது. டெய்லர் ஒருவர் “பாத்துக்கலாங்க” என்றதைச் சம்மதம் என்று நினைத்து ஆர்டர் கொடுத்தவர்களிடம் பேசுகிற மெர்ச்சண்டைசரிடம் தேதி சொல்லி, லோடு தாமதமாகி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடியாது என்பதைத்தான் அவர் அத்தனை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அது காதில் விழுவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நீங்கள் புரியாததை இப்போதே கேட்டுவிடுங்கள், புது ஆள் என்ற சலுகை ரொம்ப நாள் ஓடாது.

அப்புறம், நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் இதையும் சொல்கிறேன். எங்கள் லைனில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் கைமடி வேலை, அதாவது டெய்லருக்குத் துணையாள் வேலை, பார்த்தான். காதால் கேட்டே தமிழைப் பிடித்துக்கொண்டவன். ஒருநாள் முதலாளி உள்ளே வர, எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, முகமெல்லாம் சிரிப்பாக “வா, உக்காரு” என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் அவனிடம் பேசிய தமிழே அவ்வளவுதான்: வா, போ, எடு, சீக்கிரம். பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊரில் அவனுக்கு ஒரு ‘ங்க’ கிடைத்திருக்கவில்லை. செக்கிங்கில் ஒரு அக்கா மட்டும் மறுநாளிலிருந்து அவனை “வாங்க தம்பி” என்று கூப்பிட ஆரம்பித்தார். தீபாவளிக்குள் அவன் என்னிடம் வந்து “டீ குடிச்சாச்சுங்களா?” என்று கேட்டான்.