பழைய லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை: பேட்டரியை மாற்றலாமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கடையில் பழைய டெல் லாடிட்யூட் இ6430 லேப்டாப்பை 550 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஒரு வாரமாக சார்ஜர் போட்டும் பேட்டரி 38 சதவீதத்திலேயே நிற்கிறது. வேலையும் மிக மந்தம். ஆன் செய்தால், அடாப்டரின் வாட் அளவும் வகையும் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வருகிறது. பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: அவசரப்பட்டு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். அந்த எச்சரிக்கை பேட்டரியைப் பற்றியதே அல்ல.

உங்கள் சார்ஜரின் முனையைப் பாருங்கள். உருளைக்கு நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. வெளி உறை நெகட்டிவ், உள் உறை 19.5 வோல்ட் பாசிட்டிவ். ஊசியின் வேலை, அடாப்டருக்குள், அதாவது சார்ஜர் பெட்டிக்குள், இருக்கும் சிறு சிப்பை லேப்டாப்போடு பேச வைப்பது. ‘நான் 90 வாட்’ என்று சிப் சொன்னால்தான் லேப்டாப் நம்பும். பதில் வராவிட்டால் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பிராசசரின் வேகத்தையும் குறைத்துவிடும். உங்களுக்கு இருக்கும் இரண்டு தொல்லைக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

காசு செலவில்லாத சோதனை இது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடியில் உள்ள பூட்டை நகர்த்தி பேட்டரியைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். அதே எச்சரிக்கை வந்தால் பேட்டரி மேல் குற்றமில்லை. டெல் சின்னம் தெரியும்போது எஃப்2 அழுத்தி, பேட்டரி விவரப் பக்கத்தில் அடாப்டர் வகையையும் பாருங்கள். அங்கே வாட் எண் இருக்கவேண்டும்.

அடுத்து, நண்பரிடம் அசல் டெல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்குங்கள். முனை அதே 7.4 மில்லிமீட்டர், 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர், அதாவது 90 வாட். அதில் சார்ஜ் ஏறினால் உங்கள் சார்ஜர்தான் கெட்டது. பெரும்பாலும், முனைக்கு அருகே வயர் மடங்கி மடங்கி, ஊசிக்குப் போகும் மெல்லிய கம்பி அறுந்திருக்கும். மற்ற இரண்டும் தடிமனானவை என்பதால் மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருக்கும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் ஏமாறுவது இதனால்தான். மீட்டரின் முனை ஊசியையும் உள் உறையையும் ஒருசேரத் தொட்டால் சிப்பே கருகிவிடலாம். பழக்கமில்லாதவர்கள் அங்கே மீட்டர் வைக்கவே வேண்டாம்.

நல்ல சார்ஜரிலும் எச்சரிக்கை வந்தால் லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக்கை, அதாவது சார்ஜர் முனையைச் செருகும் துளையை, சந்தேகிக்கவேண்டும். இந்த மாடலில் ஜாக் தனி வயரோடு வருகிறது, போர்டில் சால்டர் செய்யத் தேவையில்லை. ஆனால் உள்ளே நிறையக் கழற்றவேண்டும், கடையில் கொடுப்பதே நல்லது. ஜாக் மாற்றியும் சரியாகாவிட்டால் கோளாறு மதர்போர்டில். 550 ரிங்கிட் லேப்டாப்புக்கு அந்தச் செலவு தகாது.

புது சார்ஜரை லோ யாட் பிளாசா போன்ற இடத்தில் வாங்குவதானால் லேப்டாப்பையும் எடுத்துப் போய், மாட்டி, எஃப்2 பக்கத்தில் வாட் எண்ணைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். சிப் இல்லாத மலிவு சார்ஜரும் இதே தொல்லையைத்தான் தரும். பிளக்கில் மலேசியத் தர நிறுவனமான சிரிம் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சார்ஜரோ ஜாக்கோ கடை தந்த நிலையிலேயே பழுதென்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி முதலில் கடையிலேயே பேசுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீதோடு எச்சரிக்கைத் திரையின் படத்தையும் இன்றே எடுத்து வையுங்கள்.