கடல் போன ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் வந்திருக்கிறோம். போன வாரம் ஒருநாள் புரூஜ் போய்வந்தோம். படகு, மணிக்கூண்டு, இரண்டு மியூசியம், சாக்லேட். சினிமாவுக்குப் போட்ட செட் மாதிரி இருந்தது ஊர். குரூனிங்க மியூசியத்தில் ஒரு மனிதனை உயிரோடு தோலுரிக்கும் ஓவியத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி வெளியே போய்விட்டாள். இதையெல்லாமா சுவரில் மாட்டுவார்கள்? ஊர் திரும்புமுன் இன்னொரு முறை போகலாம் என்கிறாள் மகள். போகத்தான் வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மனைவி அந்த ஓவியத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பார்ப்பவர் பதற வேண்டும் என்றே ஜெரார்ட் டேவிட் அதை வரைந்தார். 1498இல் முடித்தது. வரையச் சொன்னது புரூஜ் நகர்மன்றம். லஞ்சம் வாங்கித் தீர்ப்பை மாற்றிய சிசம்னஸ் என்ற நீதிபதியைத் தோலுரிக்கச் சொல்கிறான் பாரசீக மன்னன் காம்பிசஸ். பிறகு அந்தத் தோலைப் போர்த்திய இருக்கையிலேயே சிசம்னஸின் மகனை அடுத்த நீதிபதியாக உட்கார வைக்கிறான். படம் இரண்டு பலகைகளில் இருக்கிறது. வலப்பக்கப் பலகையின் மேல்மூலையில் மகன் உட்கார்ந்திருப்பான், சின்னதாக. எல்லோரும் நடுவில் இருக்கும் கத்தியைப் பார்த்துவிட்டு அவனைத் தவறவிடுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கதை பாரசீகத்தில் நடக்கிறது, ஆட்கள் அன்றைய புரூஜ்காரர்கள் போல உடுத்தியிருக்கிறார்கள். படம் மாட்டியிருந்தது, ஊர் வழக்குகளை விசாரிப்பவர்கள் கூடும் நகர்மன்ற அறையில். டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் உங்களையும் என்னையும் மனதில் வைத்து வரைந்ததல்ல அது.

மியூசியத்தில் நமக்குப் படம் கிடைக்கிறது, அது இருந்த அறை கிடைப்பதில்லை. முதல் தடவை நானும் ஒரே மதியத்தில் மூன்று மியூசியம் பார்த்து, கால்வலியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு திரும்பியவன்தான். இரண்டாம் தடவை புனித யோவான் மருத்துவமனைக்கு மட்டும் போனேன். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மருத்துவமனை, இன்று மியூசியம். அதன் சிற்றாலயப் பீடத்துக்காக ஹான்ஸ் மெம்லிங் வரைந்து 1479இல் முடித்த பெரிய ஓவியம் இன்னும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. கதவுபோல மூடித் திறக்கும் அதன் பக்கப் பலகைகளின் வெளிப்புறத்தில் துறவியர் நால்வர் மண்டியிட்டிருப்பார்கள். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். பக்கத்து நீண்ட கூடத்தில்தான் அன்று கட்டில்கள் கிடந்தன. அங்கே ஒரு மணிநேரம் சும்மா உட்காருங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துப் போகலாம். ஆனால் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுவது அந்த ஓவியத்தின் இடப்பக்கம் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள்!

செட் போல என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் உண்மைதான். இடைக்காலத்துக் 'கோதிக்' பாணி முகப்புகளில் பல 19ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியவை. ஆனால் ஊர் மொத்தமாக இப்படி நின்றுபோனதற்குக் காரணம் வேறு. 1134இல் அடித்த புயல் கடலோரத்தை உடைத்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே ஆங்கிலக் கம்பளி வந்தது, இத்தாலிய வணிகர் வந்தார்கள். அவர்கள் கூடிப் பேரம் பேசியது வான் டெர் பூர்சே குடும்பத்து விடுதியின் வாசலில். பங்குச்சந்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பூர்ஸ்' என்பது அந்தப் பெயரில் வந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஸ்வின்னில் மணல் மேடிட்டது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கப்பல்கள் வர முடியவில்லை, வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்குப் போயிற்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போன ஊரைத்தான் நீங்கள் படகிலிருந்து பார்த்தீர்கள்.

ஆகவே போங்கள், ஆனால் படகு வேண்டாம். மருத்துவமனையை முடித்துவிட்டு மதியம் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு டாம் கிராமத்துக்குப் போங்கள். ஆறேழு கிலோமீட்டர், மேடே கிடையாது, நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாயின் கரையிலேயே பாதை. டாம் ஒரு காலத்தில் புரூஜின் வெளித்துறைமுகம். கப்பல் சரக்கை அங்கே இறக்கிச் சிறு படகுகளில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது வயல்கள், மாடுகள், அந்தக் கிராமத்துக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம். கோபுரம் தனியாக நிற்கும், ஆலயம் தனியாக நிற்கும், நடுவில் கூரையில்லாத வளைவுகள். துறைமுகம் எங்கே இருந்திருக்கும் என்று மகளோடு சேர்ந்து தேடிப்பாருங்கள்.