டீயில் போடும் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’, அதாவது கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை என்று வந்திருக்கிறது. நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான். அப்புறம் எப்படி?

பதில்: அந்த ‘அவ்வளவுதான்’ 35 கிராமை ஒட்டி வருகிறதே! 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸ் அதிகமானால் கல்லீரல் தலையில்தான் விழும். வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாடு அங்கே இல்லை. மிஞ்சியது கொழுப்பாகப் படியும். பழியெல்லாம் சர்க்கரைக்கே என்று சொல்லமாட்டேன். தொப்பை இருக்கிறதா, ரத்தத்தில் சுகர் எவ்வளவு என்றும் பாருங்கள்.

கேள்வி: குடல் பாக்டீரியாவுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. கொஞ்சம் ஃபிரக்டோஸ் என்றால் சிறுகுடலே சமாளிக்கும். 330 மில்லி கோலாவை, அதாவது 35 கிராம் சர்க்கரையை, ஒரே மூச்சில் குடித்தால் ஒரு பகுதி பெருங்குடல்வரை போய்விடலாம். அங்கே பாக்டீரியாக்கள் அதை அசிடேட்டாக (வினிகர் அமிலத்தின் ஒரு வடிவம்) மாற்ற, கல்லீரல் அதையும் கொழுப்பாக்குகிறது. 2020இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். கூடவே நார்ச்சத்தும் குறைந்தால் குடல் சுவர் தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். கல்லீரலில் அழற்சி கிளம்பும்.

சீனாவில் ஃபேட்டி லிவர் முற்றிய ஒருவருக்கு மது தொடாமலே ரத்தத்தில் ஆல்கஹால் ஏறியது. மாவும் சர்க்கரையும் சாப்பிட்டால், அவர் குடலிலிருந்த கிளெப்சியெல்லா பாக்டீரியா உள்ளேயே சாராயம் காய்ச்சியிருக்கிறது! 2019இல் வெளியான ஆய்வு. அபூர்வம்தான், உங்களுக்கும் அப்படி என்று பயப்படாதீர்கள்.

கேள்வி: நாட்டுச்சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறிவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அளவைக் குறையுங்கள்.

கேள்வி: பழத்திலும் ஃபிரக்டோஸ் இருக்கிறதே, விட்டுவிடவா?

பதில்: வேண்டாம். முழுக் கொய்யாவை மென்று தின்னும்போது நார்ச்சத்தோடு மெதுவாக இறங்கும். வடிகட்டிய ஜூஸ்தான் சிக்கல்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயது, அவனுக்கும் ஃபேட்டி லிவர். சர்க்கரையைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்காவில் இதே வயதுப் பையன்களுக்கு 8 வாரம் சர்க்கரையை அறவே குறைத்தபோது, கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. அதற்கு வீட்டில் எல்லோருமே உணவை மாற்றினார்கள். அவனை மட்டும் தடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வைக்காதீர்கள்.