ஜிப்சம் போட்டும் உப்பு இறங்கவில்லையே! கோல்ஃப் கிரீன் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிரீனில் (கோல்ஃப் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) புல் நுனி கருகுகிறது. மண்ணின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 6 காட்டுகிறது. மாதாமாதம் ஜிப்சம் போடுகிறோம், குறைந்தபாடில்லை.

பதில்: குறையாது. ஜிப்சமும் ஓர் உப்புதான். உப்பைக் கரைத்துக் கீழே இறக்குவது தண்ணீர் ஒன்றே. ஜிப்சத்தின் வேலை வேறு: களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கிளப்பிவிட்டு, அதில் கால்சியத்தை உட்கார வைப்பது. கிளம்பிய சோடியம் வெளியேறவும் தண்ணீர்தான் வேண்டும்.

30 செ.மீ. ஆழத்தில் பாதி உப்பை இறக்க சுமார் 150 மி.மீ. தண்ணீர் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 75,000 லிட்டர் ஆகிறது. மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஊசித்துளை போடுங்கள். அப்புறம் கொஞ்சம் விட்டு, நிறுத்தி, மண் உறிஞ்சியதும் மறுபடி விடுங்கள். வடிகால் வாயில் வரும் நீரைப் பிடித்து ஈ.சி. பாருங்கள். பாசன நீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். தினமும் லேசாகத் தெளிப்பதுதான் மோசம். நீர் ஆவியாகிவிடும், உப்பு வேரிலேயே தங்கும்.

கேள்வி: திருச்சிப் பக்கம் களர் வயலுக்கு டன் கணக்கில் ஜிப்சம் போட்டுத்தானே நெல் எடுக்கிறோம்?

பதில்: அது களிமண். சோடியம் ஏறினால் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலேயே நிற்கும். அங்கே ஜிப்சம் சரியான மருந்து. யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறைக் கிரீனிலோ 30 செ.மீ. மணல், அடியில் 10 செ.மீ. சரளை. பிரிந்து அடைக்கும் அளவுக்கு அதில் களி கிடையாது. உள்ளூர் மண்ணைக் குவித்துக் கட்டிய பழைய கிரீன் என்றால் விஷயம் வேறு. காய்ந்த கட்டி ஒன்றை மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டு, கலக்காமல் சில மணி நேரம் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் சோடியம் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்; மண் பரிசோதனையில் உறுதி செய்துவிட்டு ஜிப்சம் போடலாம். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் காசு மிச்சம்.

கேள்வி: சுண்ணாம்பிலும் கால்சியம் இருக்கிறதே, விலையும் குறைவு?

பதில்: அமில மண்ணுக்குப் போடலாம். பி.ஹெச். 8-ஐத் தாண்டிய மண்ணில் கரையாமல் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

கேள்வி: திரவ கால்சியம் விற்கிறார்கள், நம்பலாமா?

பதில்: லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை தினம் 5 மி.மீ. பாய்ச்சினால் மாதத்தில் சதுர மீட்டருக்கு 150 கிராம் உப்பு வந்து சேரும். அந்தத் திரவத்தைச் சிபாரிசு அளவில் தெளித்தால் பெரும்பாலும் ஒரு கிராம் கால்சியம்கூடத் தேறாது. 50 கிராம் ஜிப்சத்தில் 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பாஸ்பாலம் புல்லுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி தீருமா?

பதில்: வெப்பமான ஊராக இருந்தால் மாறலாம், உப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் வடிகால் அடைத்திருந்தால் உப்பு ஏறிக்கொண்டேதான் போகும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.