கேள்வி பதில்: 100 சதவீதம் வந்தா வட்டம் ஏன் காணாம போகுது?

கேள்வி: எஸ்விஜில (படத்தை எழுத்துக் கட்டளையா எழுதற ஃபார்மட்) பை சார்ட் வரையறேன், பாத் ஸ்ட்ரிங்கை, அதாவது கோடு, வளைவு வரையச் சொல்ற கட்டளை வரியை, கோட்ல துண்டு துண்டா ஒட்டித்தான் எழுதுறேன். எல்லாம் சரியா வருது, ஆனா ஒரே ஐட்டம் 100 சதவீதம் வந்துட்டா மொத்த சார்ட்டும் மாயமாயிடுது. இந்த வரியை உருவாக்கித் தர்ற சின்னச் சின்ன ஹெல்பர் ஃபங்ஷன் எழுதுன்னு சொல்றாங்க, எதெல்லாம் எழுதணும்?

பதில்: இது பிரவுசரோட தப்பு இல்லைங்க, எஸ்விஜி விதியே அப்படித்தான். ஆர்க், அதாவது வட்டத்தோட வளைவுத் துண்டை வரையற 'ஏ' (A) கமாண்டுக்கு நாம வட்டத்தோட மையத்தை சொல்றதே இல்ல, ரேடியஸ், சாய்வு, ரெண்டு ஃபிளாக் (0 இல்ல 1னு குடுக்கற சுவிட்ச்), முடியற புள்ளி இதைத்தான் குடுக்குறோம், மையத்தை அதுவே கணக்கு போட்டு எடுத்துக்கும். 100 சதவீதம்னா முழு 360 டிகிரி, தொடங்கற புள்ளியும் முடியற புள்ளியும் ஒண்ணாயிடும், அப்போ எந்த வட்டம்னு தெரியாது, அதனால அந்த ஆர்க்கை அப்படியே விட்டுடும்.

நிறைய பேர் 360க்கு பதிலா 359.99 டிகிரி போட்டு தப்பிச்சுக்குறாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க, ஏன்னா ரேடியஸ் 20 மாதிரி சின்னதா இருந்து நம்பரை ரெண்டு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணீங்கன்னா ரெண்டு புள்ளியும் திரும்ப ஒண்ணாயிடும், பழைய கதைதான். முழு வட்டம்னா 180, 180 டிகிரியா ரெண்டு ஆர்க் போடுங்க, மையத்துக்கு போற கோட்டையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) குடுக்கும்போது நடுவுல ஒரு கோடு தெரியும்.

ஹெல்பர்னா முதல்ல எழுத வேண்டியது மையம், ரேடியஸ், டிகிரி குடுத்தா எக்ஸ், ஒய் தர்ற ஃபங்ஷன். சைன், காஸ் ரேடியன்லதான் வேலை செய்யும், அந்த மாத்தல் இது உள்ளேயே நடக்கணும், மேலேர்ந்து தொடங்கணும்னா 90 கழிக்கறதும் இதுக்குள்ளயே. ஒய் கீழ்நோக்கி வளர்றதால கோணம் கூடக்கூட கடிகார திசையில சுத்தும், அதுக்கு சுத்தற திசையை சொல்ற ஸ்வீப் ஃபிளாக் 1. துண்டு 180 டிகிரிக்கு மேல போனா மட்டும், பெரிய வளைவை எடுக்கச் சொல்ற லார்ஜ் ஆர்க் ஃபிளாக் 1. இந்த ரெண்டையும் ஒவ்வொரு தடவையும் கையால எழுதவே கூடாது, ஆர்க் ஃபங்ஷனே முடிவு பண்ணட்டும், எனக்கு ஹெல்பரோட பெரிய லாபமே இதுதான்.

ரவுண்டிங் கடைசியா ஸ்ட்ரிங்கா மாத்துற இடத்துல மட்டும் இருக்கட்டும். நடுவுலயே ரவுண்ட் பண்ணிட்டு சின்ன எழுத்து கமாண்ட், அதாவது முந்தின புள்ளியிலேர்ந்து தூரம் சொல்ற ரிலேட்டிவ், யூஸ் பண்ணா பிழை சேர்ந்துகிட்டே போகும், அதனால ஹெல்பருக்குள்ள நேரா எக்ஸ், ஒய் இடத்தையே சொல்ற பெரிய எழுத்து அப்சல்யூட்தான் நல்லது.

கேள்வி: மூலை வளைஞ்ச பெட்டிக்கு ஃபங்ஷன் எழுதினேன், பெட்டி சின்னதானா கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அசிங்கமாயிடுது.

பதில்: ரேடியஸை அகலம், உயரம் ரெண்டுல எது சின்னதோ அதுல பாதிக்கு மேல போகவிடாதீங்க, ஒரே வரி கோட், சரியாயிடும்.

கேள்வி: எங்க டூல்ல ஆர்க்கே கிடையாது, க்யூபிக் பெசியே (ரெண்டு முனை, அதை வளைக்க ரெண்டு கண்ட்ரோல் புள்ளி வெச்சு வரையற வளைவு) மட்டும்தான். வட்டம் வருமா?

பதில்: கச்சிதமான வட்டம் வராது, ஆனா கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு வரும். கால் கால் வட்டமா நாலு வளைவு போடுங்க, கண்ட்ரோல் புள்ளியை முனையிலேர்ந்து தொடுகோடு திசையில ரேடியஸ் பெருக்கல் 0.5523 தூரத்துல வைங்க. ரேடியஸ் 1000 பிக்சல் இருந்தாக்கூட பிழை அதிகபட்சம் கால் பிக்சலை ஒட்டித்தான் வரும். இந்த நம்பரை ஒரே இடத்துல பேர் வெச்சு கான்ஸ்டன்ட்டா எழுதிடுங்க, அடுத்து படிக்கறவங்களுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியணும்.